இரண்டாவதாக வந்த குதிரை

என் மாமாவுக்குத் தன் பாட்டனாரின் பெயர் சட்டென்று வராது. யாராவது கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். ஆனால் கிண்டி ரேஸில் ஓடுகிற எந்தக் குதிரையின் பெயரைச் சொன்னாலும் போதும். அதன் தகப்பன் எது, தாய் எது, அந்தத் தாயைப் பெற்றது எந்தச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தது என்று மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார். "நம்ம வம்சத்த மறந்துட்டு கழுதை வம்சத்தக் கட்டிக்கினு அழறான் பாரு" என்பாள் அம்மா. "கழுதை இல்லக்கா, குதிரை" என்று மாமா பொறுமையாகத் திருத்துவார்.

அப்போது நாங்கள் விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயிலில் கார்டு. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அதே ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. சாப்பாடு எங்கள் வீட்டில், படுக்கை எங்கள் முன்னறையில், உயிர் மட்டும் கிண்டியில். மெட்ராஸ் பேப்பர் கட்டு காலை ரயிலில் இறங்கினால் முதல் பேப்பர் அவருக்குத்தான். எந்த நாட்டில் சண்டை மூண்டாலும் எந்த மந்திரி ராஜினாமா செய்தாலும் அதெல்லாம் பிற்பாடு. ரேஸ் பக்கத்தை நின்றபடியே ஒரு தரம் படிப்பார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம். சாயங்காலம் அதைக் கத்தரித்துத் தடிமனான ஒரு நோட்டில் ஒட்டுவார். அதற்கு மைதா பசை காய்ச்சிக் கொடுப்பது ஒன்பது வயதான என் உத்தியோகம்.

வருஷத்தில் நாலைந்து முறை கிண்டிக்கே போய் வருவார். மலிவான கேட்டில் நுழைந்து, கம்பியோரம் இடம் பிடித்து, குதிரைகள் தூரத்தில் திரும்புவதையும் எதிரே பறந்து போவதையும் பார்த்துவிட்டு வருவார். ஐந்து ரூபாய்க்கு மேல் அவர் கட்டியதே இல்லை. பணத்துக்காக வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கோயிலுக்கு வந்து பிரசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்பார். ஆனால் இதை யார் நம்பினார்கள்? ஊருக்கு அவர் ரேஸ்காரர். ரேஸ்காரர் என்றால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் பெண்டாட்டியின் தாலியை அடகு வைக்கப் போகிறவர். கூடி வந்த மூன்று சம்பந்தம் அந்த ஒரு சொல்லில் முறிந்து போயிருந்தது. மாமாவுக்கு முப்பத்துமூன்று வயது ஆகியிருந்தது. காதோரம் நரை வேறு.

இன்னொரு விஷயமும் உண்டு. இத்தனை குதிரைகளைத் தெரிந்து வைத்திருந்த மாமா அதுவரை ஒரு குதிரையையும் கையால் தொட்டதில்லை. அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நாலாவது சம்பந்தம் திண்டிவனத்திலிருந்து வந்தது. நஞ்சையும் மல்லாட்டைக் கடலை போடுகிற மேட்டு நிலமும் உள்ள விவசாயக் குடும்பம். பெண்ணுக்கு இருபத்துநாலு என்று சொன்னார்கள்; அம்மா அதை இருபத்தேழு என்று எடுத்துக்கொண்டாள். இவளையும் இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "இதுவும் தட்டிப் போச்சுன்னா அப்புறம் நம்ம வாசல்ல யாரும் ஏற மாட்டாங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. புறப்படுகிற அன்று காலை மாமாவைச் சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்துக் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கினாள்.

"ரேசு கீசுன்னு அங்க வாயத் தொறந்தே, அத்தோட நான் உனக்கு அக்கா இல்ல, தெரிஞ்சுக்கோ."

மாமா சத்தியம் செய்தார். நோட்டை அம்மா தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நோட்டு என்ன, எழுந்து பின்னாலேயே வந்துவிடுமா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அப்பாவுக்கு டியூட்டி. நல்ல நாளைத் தள்ளிப் போட அம்மாவுக்கு மனசில்லை. அம்மா, மாமா, நான் என்று கணக்குப் போட்டால் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாதே! ஆகவே நாலாவது ஆளாக ஒரு கூழாங்கல்லை என் கையில் கொடுத்தாள். திண்டிவனம் போய்ச் சேரும்வரை அந்த ஆளுக்கும் ஜன்னல் வழியாக வேடிக்கை காட்டிக்கொண்டு வந்தேன்.

திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் நாலைந்து ஜட்காக்கள் நின்றன. அம்மா ஒரு வயசான பாயிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். போகவும் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடவும் சேர்த்து ஒரே கூலி. பேரம் படிந்து நானும் அம்மாவும் ஏறி வைக்கோல் மெத்தையில் உட்கார்ந்தாகிவிட்டது. மாமாவைக் காணோம். எட்டிப் பார்த்தால் குதிரைக்கு எதிரே ஆணி அடித்தாற்போல் நிற்கிறார்.

செம்பட்டை நிறக் குதிரை. விலா எலும்பை எண்ணிவிடலாம். நெற்றியில் வெள்ளைக் கீற்று ஒன்று நேராக இறங்கி, மூக்குக்கு மேல் கோணலாக இடது பக்கம் திரும்பியிருந்தது. மாமா குனிந்து பின்னங்கால்களைப் பார்த்தார். இடது கால் மட்டும் முட்டிவரை வெள்ளை.

"பாய், இத எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"மெட்ராசுல சார். ரேசுல ஓடின குதிரைன்னு சொல்லித்தான் என் தலைல கட்டினான். இன்னா ரேசோ, எனுக்கு வந்ததுலேருந்து ஒரு மாட்டு வண்டியக்கூட முந்துல" என்றார் பாய். "ஏறுங்க சார் ஜல்தி, வெயில் ஏறுது."

மாமா ஏறி முன்னால் பாய் பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பி, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அக்கா, இது ஸ்கார்லெட் லேம்ப்" என்றார்.

"யாரு?"

"நோட்டுல போட்டோ இருக்குதே, பார்த்தியே. மூணு வருஷம் பெரிய ரேசுல..."

"கற்பூரம் இன்னும் ஆறலடா" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. மாமா வாயை மூடிக்கொண்டார். ஆனால் வழி நெடுக, பாய் சாட்டையைத் தூக்கும்போதெல்லாம் இவர் தோள் சுருங்கியது. பாய் அடிப்பதற்காகத் தூக்கவில்லை, ஈ ஓட்டுவதற்குத்தான். அது மாமாவுக்குத் தெரியவில்லை.

பெண் வீடு ஏரிக்கரைப் பக்கம் பெரிய வீடாக இருந்தது. பின்னால் கிணறு, மாட்டுக் கொட்டாய், வேப்பமரம். பாய் வண்டியை அவிழ்த்துவிட்டுக் குதிரையை வேப்பமரத்தில் கட்டினார். அதன் முன்னால் ஒரு கை புல்லைப் போட்டார். பகல் தொழுகை முடித்து, டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனார்.

பெண் வந்து நமஸ்கரித்தாள். நல்ல உயரம், மாநிறம், சிரிப்பை உள்ளே அடக்கி வைத்திருக்கிற வாய். எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. பெண்ணின் அப்பா நரைத்த மீசைக்காரர், மரியாதையாகப் பேசினார். "மாப்பிள்ளைக்கு வெத்தல பாக்குப் பழக்கம்கூட இல்லன்னு சொன்னாங்க. கெட்ட சகவாசம் எதுவும் இல்லாத பையன்தான் எங்களுக்கு வேணும்ங்க" என்றார். அம்மா, "அவனுக்கு ஆபீசு, ஆபீசு உட்டா வீடு" என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டாள். மாமாவோ ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தபடி இருந்தார். இவ்வளவு கூச்சமான மாப்பிள்ளையா என்று பெண்ணின் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

பெரியவர்கள் நகை, நாள் என்று பேச ஆரம்பித்ததும் மாமா என்னைப் பார்த்து, "கை கழுவணும், வா" என்றார். இரண்டு பேரும் பின்கட்டுக்குப் போனோம். கை கழுவின மாதிரியே இல்லை. நேராக வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

கையை நீட்டினார். இழுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டி அந்த வெள்ளைக் கீற்றின்மேல் இரண்டு விரலை வைத்தார். குதிரை ஒன்றும் செய்யவில்லை; மூச்சு விட்டது. மாமாவின் கண் நிறைந்துவிட்டது. பெரியவர்கள் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது, கூழாங்கல்லை வேறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் நமஸ்கரித்துவிட்டுப் போன அந்த அக்கா வந்தாள். பட்டுப் புடவையை இன்னும் மாற்றவில்லை. கையில் காலி டம்ளர்கள். எங்களைக் கண்டதும் நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை.

"பாப்பா, குதிரைக்கு இன்னான்னு உங்க மாமாவக் கேளு" என்றாள்.

"மாமா, குதிரைக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, பசின்னு சொல்லு."

"பசியாம்."

"உங்க மாமாவுக்குக் குதிரையெல்லாம் தெரியுமான்னு கேளு."

இப்படி நாலடி தள்ளி நின்றுகொண்டு என் வழியாகப் பேசினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நாலு கேள்விக்கு மேல் என் உத்தியோகம் நிலைக்கவில்லை. மாமா சத்தியத்தை மறந்து போனார். இது சாதாரணக் குதிரை இல்லை, இதற்குப் பெயர் ஸ்கார்லெட் லேம்ப், இதன் தகப்பன் சீமையில் பிறந்தது என்று ஆரம்பித்து நேராக அவளிடமே சொல்லிக்கொண்டு போனார். அவர் அத்தனை வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப இது ஜெயிச்ச குதிரையா?" என்றாள்.

"இல்ல. ஒரு தடவகூட ஜெயிக்கல. பெரிய ரேசுல மூணு வருஷமும் ரெண்டாவதா வந்துச்சு. மூணு தடவையும் கழுத்தளவு வித்தியாசத்துல போச்சு."

"ரெண்டாவதா வந்ததையா இத்தினி நாளு ஞாபகம் வச்சிக்கினு இருக்கீங்க?"

"ஜெயிச்சதத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சிக்கினு இருப்பாங்களே" என்றார் மாமா.

அடக்கி வைத்திருந்த அந்தச் சிரிப்பு இப்போது வெளியே வந்தது. டம்ளர்களைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, மாட்டுக் கொட்டாய்க்குப் போய் மூட்டையைப் பிரித்தாள். படியால் கொள்ளு அளந்து வாளியில் கொட்டினாள். எடுத்துக்கொண்டு பாதி வழி வந்தவள் நின்றாள்.

"ஊறப் போடாம இருக்குது. மாட்டுக்குன்னா ஊறப் போட்டுத்தான் வைப்போம்" என்றாள்.

"ரேஸ் குதிரைக்கு ஊறப் போட மாட்டாங்க. தானியத்த உலர்ந்தபடிதான் வைப்பாங்க. படிச்சிருக்கேன்" என்றார் மாமா.

அவர் படித்தது பொய்யில்லை. ஆனால் அது ஓட்ஸைப் பற்றி எழுதியது. ஓட்ஸ் வயிற்றில் ஊதாது. அதைப் பிற்பாடு ஒரு மாட்டு டாக்டர் எனக்குச் சொன்னார். அந்த அக்காவுக்குக் கொள்ளைப் பற்றித் தெரியும். மாமாவுக்குக் குதிரையைப் பற்றித் தெரியும் என்று அவள் நம்பினாள். வாளியை அவர் கையில் கொடுத்தாள். குதிரை அவசரம் அவசரமாகத் தின்றது. வாளி காலியானதும் மாமா அவளைப் பார்த்தார். அவள் மறுபடியும் போய் அளந்துகொண்டு வந்தாள். பிறகு நான்தான் கிணற்றுத் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தேன். இரண்டு வாளி. மாமா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த அக்கா புடவைத் தலைப்பால் அதன் கண்ணில் மொய்த்த ஈயை ஓட்டினாள். மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். அன்றைக்கு நடந்ததில் அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் ஓடிவிட்டாள்.

பேச்சு நல்லபடியாக முடிந்து, ஆவணியில் முகூர்த்தம் என்றவரைக்கும் வந்துவிட்டது. பெண்ணின் அம்மா எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள். அம்மாவின் முகம் அத்தனை பளிச்சென்று இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மூன்று மணி வாக்கில் வண்டி கட்டச் சொல்லலாம் என்று பெண்ணின் அப்பா எழுந்தபோது, பின்னாலிருந்து பாயின் குரல் கேட்டது. கூப்பிடுகிற குரலாக இல்லை.

எல்லோரும் ஓடினோம். குதிரை முன்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை வழிந்தது. படுக்கப் பார்த்தது; பாய் கயிற்றைப் பிடித்து இழுத்து, "ஏய், படுக்காத, படுக்காத பேட்டா, எந்திரி" என்று கெஞ்சினார். காலி வாளி பக்கத்திலேயே கிடந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த நாலைந்து கொள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யா அல்லா! யாரு போட்டது இத? ஊறப் போடாத கொள்ளுப் போட்டு மேல தண்ணி வேற காட்டிக்கிறாங்களே! எவ்ளோ போட்டீங்க?"

"ரெண்டு வாளி" என்றார் மாமா.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான், வயிறு ஊதி வெடித்துவிடும் என்று அழுதுகொண்டே சொன்னார். இத்தனை வம்சாவளி தெரிந்த மாமாவுக்கு இது தெரியாது.

பெண்ணின் அப்பா கொட்டாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூட்டை வாய் பிரிந்து கிடந்தது.

"எங்க ஊட்டுக் கொள்ளாச்சே. யாரு எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னால் அந்த அக்காவின் புடவை தெரிந்தது. மாமா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"யாரும் குடுக்கலைங்க. நான்தான். யாரையும் கேக்காம மூட்டைய அவுத்து நானே எடுத்தேன். தப்புதான். ரேஸ் குதிரைன்னதும் எனக்குப் புத்தி போயிடுச்சு. நான் ரேஸ் பைத்தியங்க. எங்க அக்காவுக்கு அது தெரியாது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கோ ஆச்சரியமாகப் போய்விட்டது. மாமா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. செய்யாத திருட்டை எதற்குத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்? அவரை எல்லோரும் திருடன் என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்கு அழுகை முட்டியது. பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லிக்கொடுத்தார்கள். மாமாவைக் காப்பாற்ற அங்கே என்னைத் தவிர ஆளும் இல்லை.

"இல்ல, மாமா திருடல. அந்த அக்காதான் அளந்து குடுத்தாங்க. ரெண்டு தடவ குடுத்தாங்க. இவுங்க ரெண்டு பேரும் இங்க நின்னு ரொம்ப நேரம் பேசிக்கினு, சிரிச்சிக்கினு இருந்தாங்க. நான் கூட இருந்தேனே" என்று உரக்கச் சொன்னேன்.

குதிரை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்ணின் அப்பா மாமாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மெதுவாக நடந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அறை விழுந்த சத்தம் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. அழுகைச் சத்தம் கேட்கவே இல்லை. மாமா கதவை நோக்கி இரண்டு அடி வைத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போனா இன்னும் மோசம்டா" என்றாள், ரொம்ப மெதுவாக.

அப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. பெருங்காயத்தைக் கரைத்து ஒரு வேலைக்காரரிடம் கொடுத்தனுப்பினார்கள், அவ்வளவுதான். பாயும் மாமாவும் குதிரையை ஏரிக்கரை மேட்டில் நடத்தினார்கள். நின்றால் படுத்துவிடும், படுத்தால் புரளும், புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்றார் பாய். ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார்கள். மாமாவின் வெள்ளைச் சட்டை முழுக்க நுரையும் மண்ணும். நானும் அம்மாவும் பனைமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். நாலு மணி ரயில் போய்விட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குதிரை முன்னங்காலை மடக்கி விழுந்தது. அதற்கப்புறம் அதை எழுப்ப முடியவில்லை.

பாய் திட்டவே இல்லை, திட்டியிருந்தால் தேவலை. குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ரேசெல்லாம் எனுக்குத் தெரியாது சார். இது ஏழு உசுருக்குக் கஞ்சி ஊத்தின புள்ள" என்றார். மாமா கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தார். அடுத்த மாதம் தன் சைக்கிளை விற்றும் அனுப்பினார். அதில் வேறொரு குதிரை வந்ததா என்று தெரியாது. மாமா சொல்லவில்லை.

அந்த அக்காவை அந்த ஆவணிக்கு முன்பே, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வந்த மாப்பிள்ளையோடு கொல்லையில் நின்று சிரித்துப் பேசினவள் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் வருகிற வரனைக் கேள்வி கேட்கவா முடியும்? கட்டிக்கொண்டவர் அவளைவிட இருபது வயது மூப்பு, பெரிய பிள்ளைகள் என்று அம்மாவிடம் யாரோ சொன்னார்கள். அம்மா அதை மாமாவிடம் சொன்னபோது அவர் பேப்பர் கத்தரித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடியும் நகர்ந்தது.

மாமா அப்புறம் பெண் பார்க்கப் போகவில்லை. ரேஸையும் விடவில்லை. அம்மாவே நோட்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிண்டிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் பேப்பரும் கத்தரிக்கோலும் பசையும் கடைசிவரை இருந்தன. ரிடையர் ஆகி, எங்கள் வீட்டு அறையில் கண் மங்கிப் படுத்திருந்த நாட்களில் ரேஸ் பக்கத்தை நான் வாசித்துக் காட்டுவேன். முதல் குதிரையின் பெயரைச் சொன்னதும், "ரெண்டாவது?" என்பார். எத்தனையோ நாள், "மாமா, அன்னிக்கு நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்து, அடுத்த குதிரையின் பெயரை வாசித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்காமலே அவரை அனுப்பிவிட்டேன். அந்த அக்காவைத் தேடிப் போகவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

குதிரை செத்த அன்றைக்கு, நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்து சேர்ந்த பிறகு, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு பாசஞ்சர் வந்தது. அம்மா ஒரு மூலையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். அவர் கையில் குதிரையின் வாடை அடித்தது. எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் என்னைக் கோபித்துக்கொண்டிருக்கிறார்களோ?

"மாமா, நான் உண்மையத்தானே சொன்னேன்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் தலையில் அந்த வீட்டில் வைத்துவிட்ட பூ அப்படியே இருந்தது. அது சரிந்திருந்ததைச் சரி செய்தார்.

"ஆமாம்மா. நீ உண்மையத்தான் சொன்னே" என்றார்.

மாமாவைத் திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன். அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த நிம்மதியில் அவர் மடியில் தலையை வைத்து, விழுப்புரம் வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.